நோட்டில் ஏறாத குழிகள்

படிக்கிற பிள்ளை பணம் கட்டுவதுதான் உலக வழக்கம். நீ வந்து படி, மாதாமாதம் நாங்கள் பணம் தருகிறோம் என்று ஒருத்தர் கூப்பிட்டால் அதில் என்னமோ இருக்கிறது என்று டிரில்லர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

மகள் கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே பிடித்து அந்த அறிவிப்பைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். இயற்கைப் புவியியல், சுற்றுச்சூழல் அறிவியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வுக்கு ஏழு இடங்கள். ஆற்றுப் படுகைக்கு ஒன்று, மண் அரிப்புக்கு ஒன்று, கடலோரத்துக்கு இரண்டு என்று போய், ஆறாவதாகப் பாறைப் பகுதியின் நிலத்தடி நீர் என்று இருந்தது. மூன்று வருடம். சம்பளம் மாதிரி உதவித்தொகை. ஏழையும் கேட்டு முடித்த டிரில்லர், "ஆத்தப் படிச்சு ஆத்துக்கு என்ன ஆகப்போகுது?" என்று மட்டும் கேட்டார். ஆறாவதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவர் பிழைப்பே அதுதான்.

பாறையைத் துளைத்து ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் லாரியின் நெம்புகோலை இருபத்தேழு வருடமாகப் பிடித்துக்கொண்டிருப்பவர் அவர். லாரி முதலாளியுடையது, கை இவருடையது. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் அருகிப்போய் வீட்டிலும் தெருவிலும் டிரில்லர் என்றே ஆகிவிட்டது. தரையை நம்பிப் பிழைக்கிறவர்கள் எதையும் லேசில் நம்ப மாட்டார்கள். இருபதடி நீள ராடு ஒன்று வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும், அடுத்த ராடில் பாறை பல்லை உடைக்கும். நல்ல வார்த்தை பேசி நாற்காலி போடுகிற வீட்டுக்காரர்தான் தண்ணீர் வராவிட்டால் முதலில் சட்டையைப் பிடிப்பார். டிரில்லர் பால்காரரை நம்ப மாட்டார், பேருந்து நடத்துநரை நம்ப மாட்டார், மருந்துக்கடைக்காரர் சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுத்தால் அதைப் பிரித்து முகர்ந்து பார்ப்பார். வீட்டுக்காரி அதைப் பற்றி, "எங்க கல்யாணத்தன்னைக்கே தாலிய எடை போட்டுப் பாத்த மனுஷன்" என்பாள்.

அவர் நம்பிய ஒரே பொருள் அவருடைய நோட்டு. வேலைக்குச் சேர்ந்த வருடத்திலிருந்து எழுதுகிறார். பதினான்கு நோட்டு ஆகிவிட்டது. தேதி, யாருடைய நிலம், மேல்மண்ணுக்குக் குழாய் எவ்வளவு இறங்கியது, எத்தனையாவது ராடில் ஈரம் கண்டது, எத்தனையாவதில் நிறுத்தியது, தண்ணீர் எத்தனை அங்குலம். புதிதாகக் கிணறு போட வருகிறவர்களுக்கு லாரியின் முன்பக்கத்தில் நோட்டைப் பரப்பி, "இந்தாங்க, உங்க பக்கத்து நெலம். பதினொண்ணாவது ராடுல ரெண்டு இஞ்ச்" என்று விரல் வைத்துக் காட்டுவார். அதற்குமேல் யாரும் எதிர்க்கேள்வி கேட்டதில்லை.

அந்தப் பதினான்கு நோட்டிலும் வறண்ட குழி ஒன்றுகூடக் கிடையாது. மறைத்தார் என்றும் சொல்ல முடியாது. தண்ணீர் வராத குழியை அந்தத் தொழிலில் யாருமே எழுதுவதில்லை, செத்துப் பிறந்த பிள்ளைக்குப் பெயர் வைக்காத மாதிரி. கடைசி ராடு வரைக்கும் வெறும் புழுதியாக வந்தால், ஆட்கள் பேச்சில்லாமல் ராடுகளைக் கழற்றி ஏற்றுவார்கள். அந்த வீட்டில் டீ குடிக்க மாட்டார்கள். அடுத்த குழி நனைகிறவரைக்கும் அந்த இடத்தின் பெயரை வண்டிக்குள் எடுக்க மாட்டார்கள். எடுத்தால் ராடு நுனியில் பாறையைக் கடிக்கிற பிட்டு உடையும் என்பது பேச்சு.

போன கோடை முழுக்க அப்பனும் மகளும் கூடத்துத் தரையில் உட்கார்ந்து அந்த நோட்டுகளைக் கணினியில் ஏற்றினார்கள். கிரீஸ் கறை படிந்த அவர் கையெழுத்து அவருக்கே பாதிதான் புரியும். அவர் வாசிக்க வாசிக்க அவள் தட்டினாள். நானூற்றுச் சொச்சம் கிணறு. அவள் அதையெல்லாம் வரைபடத்தில் நீலப் புள்ளியாக வைத்தபோது டிரில்லர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். கால் கால் அடியாகக் கீழே போய்த் திரிந்த தன் காலமெல்லாம் இப்படி மேலேயிருந்து பார்க்கக் கிடைக்கும் என்று அவர் நினைத்ததில்லை. அப்போதுதான் அவள் ஒரு தடவை கேட்டாள், வற்றின குழி ஒன்றுமே இல்லையா என்று.

"என் கைக்குத் தண்ணி தப்பாது பாப்பா" என்றார்.

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். அத்தோடு போய்விட்டது என்றுதான் இருந்தார்.

அந்த ஆறாவது இடத்துக்குத் திங்கட்கிழமை நேர்காணல் போய்விட்டு வந்தவள் பையைக் கழற்றாமலே ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தாள். ஆய்வுக்கு ஆள் எடுக்கிற பேராசிரியை வியாழக்கிழமை வீட்டுக்கு வருகிறாராம். நோட்டுகளைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம், டிரில்லரிடமும் பேச வேண்டுமாம். அதற்கப்புறம்தான் இடம் உண்டா இல்லையா என்று சொல்வார்களாம்.

"என்னைய எதுக்குப் பாக்கணும்? படிக்கப்போறது நானா?"

"நோட்டு உங்களோடதுதானேப்பா."

"இத்தனை பேரக் கூப்பிட்டாங்களே, எல்லார் வீட்டுக்கும் போறாங்களா, நம்ம வீட்டுக்கு மட்டுமா?"

நேர்காணலில் வற்றின குழிகள் எங்கே என்று கேட்டதாக அவள் சொன்னாள். முதலில் கேட்டது யார் என்றார். பேராசிரியைதான் என்றாள். அந்தம்மாவுக்கு நிலத்தடி நீர் அலுவலகத்தில் சொந்தக்காரர் யாராவது இருக்கிறார்களா என்றார். மகள் பையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

"அப்பா, வத்துனது இருக்கா, இல்லையா?"

"மொதல்ல சாப்பிடு" என்று சொல்லிவிட்டு டிரில்லர் வெளியே போய் நின்றார்.

மறுநாள் காலையில் ஊருக்கு மேற்கே ஒரு வீட்டு மனையில் வேலை. கம்ப்ரஸர் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவரோடு பேசக்கூடச் சைகைதான். குழியிலிருந்து காற்று வாரி எறிகிற பாறைத்தூள் ஆட்களின் இமை முடி வரைக்கும் வெள்ளையடித்திருந்தது. ராடுக்கு ஒரு கை தூளை அள்ளி வரிசையாகக் குமித்து வைப்பார்கள். ஆறு குமி சாம்பல் நிறம், ஏழாவது கறுப்பு, எட்டாவது மறுபடியும் சாம்பல். வீட்டுக்காரர் ஒவ்வொரு குமியையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடந்தார், காய்ச்சல்காரர் நெற்றியைத் தொடுகிற மாதிரி.

ராடு மாட்டுகிறவர் டிரில்லரின் மச்சினர், வீட்டுக்காரிக்குத் தம்பி. எந்நேரமும் கை கறுத்திருப்பதால் கிரீஸ் என்று பெயர் விழுந்துவிட்டது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவர் ராடு தொட்டவரில்லை. சொந்தமாக மேட்டில் நிலம் வைத்திருந்தார். ஒரே வருடத்தில் மூன்று குழி போட்டார், மூன்றும் இந்த டிரில்லர் கையால்தான். மூன்றும் புழுதி. நிலத்தை ஒரு கிடங்குக்காரரிடம் கொடுத்துவிட்டு அக்கா வீட்டுப் பின்னறைக்கு வந்தவர் அப்படியே ரிக்கில் ஏறிக்கொண்டார். வரவேண்டிய பெண்ணும் வராமல் போனது. அவருக்கு யார் மேலும் கோபம் கிடையாது, தன் மேலே தவிர. டிரில்லரின் நோட்டைப் பார்த்தவர்தானே அவரும். சுற்றிலும் தண்ணீர், தன் கால் பட்ட இடம் மட்டும் காய்ந்தது என்றே முடிவுகட்டிவிட்டார். இன்றைக்கும் பத்தாவது ராடுக்குமேல் ஈரம் வருகிற ஆழம் நெருங்கினால், ராடை மாட்டிவிட்டு லாரிக்கு அந்தப் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். தன் பார்வை பட்டுத் தண்ணீர் ஒதுங்கிவிடக் கூடாதாம். மற்றவர்கள் அதை வைத்துக் கேலி பேசுவார்கள். டிரில்லர் ஒரு நாளும் பேசியதில்லை.

சாப்பாட்டு நேரத்தில் கம்ப்ரஸரை அணைத்ததும் காது இரைந்தது. கிரீஸ் சோற்றில் முட்டையை உடைத்துக்கொண்டே, பாப்பாவுக்கு இடம் கிடைத்துவிட்டதா என்று விசாரித்தார். டிரில்லர் வியாழக்கிழமை விஷயத்தைச் சொன்னார். வறண்ட குழி பற்றிய பேச்சை மட்டும் விழுங்கிவிட்டுச் சொன்னார்.

"வீட்டுக்கு வந்து நோட்டப் பாக்கிறாங்களா?" கிரீஸுக்கும் சந்தேகம் தொற்றிக்கொண்டது. "மாமா, இது படிப்பு சமாச்சாரம் மாதிரி தெரியல. அனுமதி இல்லாம எங்க எங்க போர் போட்டீங்கன்னு கணக்கெடுக்க வர்றாங்க. பாப்பாவ வெச்சு உங்களப் பிடிக்கிறாங்க."

"நானும் அதத்தான் நெனச்சேன் மாப்ளே."

"நானும் கூட இருக்கேன் அன்னைக்கு. நாலு வார்த்தை கேக்க ஒரு ஆள் வேணாமா?"

டிரில்லர் சோற்றை மூடி வைத்தார். வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பதின்மூன்றாவது ராடில் தூள் நமத்து உருண்டையாக வந்தது, பிறகு சேறாகத் துப்பியது. வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். கிரீஸ் லாரிக்குப் பின்னாலிருந்து, "வந்துருச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் திரும்பினார்.

புதன்கிழமை பிட்டு முனை மழுங்கிப் பட்டறைக்குப் போய்விட்டதால் ரிக் ஓடவில்லை. டிரில்லர் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு முதலாளியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் பேருந்து ஏறினார். அப்படி ஒரு துறை உண்மையிலேயே இருக்கிறதா, அந்த அம்மாள் உண்மையிலேயே பாடம் நடத்துகிற ஆள்தானா என்று தெரிந்தாக வேண்டும். வாசல் காவலாளி யார், என்ன என்று நிறுத்தியபோது, போர் போடுவது சம்பந்தமாக வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். எந்தக் கட்டடத்துக்குத்தான் தண்ணீர்த் தட்டுப்பாடு இல்லை. காவலாளி வழியும் காட்டிவிட்டார், குழாயில் காற்று வருகிற கதையையும் சொன்னார்.

துறைக்குப் பின்பக்கம் தகரக் கொட்டகை. உள்ளே அடுக்கடுக்காகச் சல்லடைகள், மண் கட்டிய துணிப்பைகள், நீளமான மரத்தட்டுகளில் உருளை உருளையாகப் பாறை. ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் முழங்கை வரைக்கும் சட்டைக்கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வாளியில் மணல் அலசிக்கொண்டிருந்தார். கூலிக்கு வந்தவர் என்று நினைத்து, பேராசிரியை எங்கே என்று கேட்டார் டிரில்லர். நான்தான் என்றார் அவர், கையை உதறிக்கொண்டே.

டிரில்லர் கொண்டுவந்த பொய்யைச் சொன்னார். வளாகத்தில் புதுக் கிணறு போடப்போவதாகக் கேள்விப்பட்டேன், நான் ரிக் வைத்திருக்கிறேன். தனக்கு அப்படி எதுவும் தெரியாது என்ற பேராசிரியை, வந்தவரை விடவில்லை. இந்தப் பக்கம் மேல்மண்ணுக்குக் குழாய் எவ்வளவு இறங்கும், கறுப்புப் பாறை எத்தனையடியில் வரும் என்று துருவினார். டிரில்லர் தட்டிலிருந்த பாறை உருளையை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்துப் பதில் சொன்னார். சொல்லச் சொல்ல அந்த அம்மாள் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டார். எழுதுகிற பெண்களைக் கண்டால் டிரில்லருக்குப் பயம். தட்டுகளின் ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டுகளைப் படித்தார். பாதிக்குமேல் நீர் இல்லை, நீர் இல்லை என்றிருந்தது. தண்ணீர் வராத கல்லைக் கொண்டுவந்து தூசி துடைத்துப் பத்திரமாக அடுக்கி வைத்திருந்தார்கள்.

இந்த மாதிரிப் படிப்புக்கெல்லாம் யார் வருகிறார்கள் என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டார்.

"நல்ல பிள்ளைங்க வர்றாங்க. ஒரு டிரில்லரோட பொண்ணுகூட வந்திருக்கு. உங்க தொழில்தான்" என்றார் பேராசிரியை. "நானூறு கிணத்து விவரம் கொண்டாந்துச்சு. யார்கிட்டயும் இல்லாதது. ஆனா நானூறும் தண்ணிங்குது. நீங்க தொழில்காரர், நீங்களே சொல்லுங்க, நம்புவீங்களா?"

"நம்ப மாட்டேங்க." யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"அதான். வீட்ல உக்காந்து எழுதுனதான்னு எங்க ஆள் ஒருத்தர் கேட்டாரு. அதுக்கு அந்தப் பொண்ணு, எங்கப்பா கைக்குத் தண்ணி தப்பாதுன்னுச்சு. அறையில எல்லாரும் சிரிச்சிட்டாங்க."

டிரில்லர் பாறை உருளையை இருந்த இடத்திலேயே வைக்க முயன்றார். எந்தப் பள்ளத்திலிருந்து எடுத்தோம் என்று தெரியவில்லை.

"நீங்களும் சிரிச்சீங்களா?"

"இல்லைங்க. அது முகத்தப் பாத்தேன். ஒண்ணு அந்தப் பொண்ணு பொய் சொல்லுது, இல்ல அதுகிட்ட அவங்கப்பா பொய் சொல்லியிருக்காரு. நாளைக்குப் போய்ப் பாத்தாத் தெரிஞ்சிரும். பொய் பொண்ணு சொன்னதுன்னா இங்க இடம் கிடையாது. வேற எங்கயும் கிடைக்காதபடிக்கு நானே எழுதிருவேன்."

உங்கள் முகவரி அட்டை இருந்தால் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார் கடைசியில். தீர்ந்துவிட்டது என்று சொல்லி டிரில்லர் வெளியே வந்தார். பேருந்தில் உட்காரக் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தார். தன்னை யாரோ பிடிக்க வருகிறார்கள் என்று மூன்று நாளாக முன்னும் பின்னும் பார்த்தவருக்கு, பொய்க்காரி என்ற பெயர் தன் பெண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது அதுவரை தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரி கொல்லையில் அவருடைய வேலைத்துணியை அலசிக்கொண்டிருந்தாள். முதலாளி வீட்டில் இருந்தாரா என்று கேட்டாள். இருந்தார் என்றார். முதலாளி காலையில் இங்கே வந்து உங்களைத் தேடிவிட்டுப் போனார் என்றாள் அவள், நிமிர்ந்து பார்க்காமல்.

அதற்குமேல் ஒளிக்க ஒன்றுமில்லை. போனது, கேட்டது எல்லாவற்றையும் சொன்னார். நாளைக்கு வற்றின குழிகளைச் சொல்லிவிடலாமா என்று கேட்டார். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொண்டு அவர் கேட்டதுதான் அவளைக் கிளப்பிவிட்டது.

"இருபத்தஞ்சு வருஷமா உங்க துணியத் தொவைக்கிறேன். தண்ணி வந்த நாள்ல சேறா வருவீங்க, வராத நாள்ல வெள்ளையா வருவீங்க. எத்தனை நாள் வெள்ளையா வந்தீங்கன்னு எனக்குத் தெரியாதா? நோட்டு எழுதலைன்னா துணி எழுதாம விட்டுருமா?"

"அது இல்ல. அந்த மேட்டுப் பக்கம்..."

"எந்த மேடு?" அவள் பிழிந்த துணியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்தாள். "வேணாம். எங்கிட்ட சொல்லாதீங்க. எங்கிட்ட சொன்னா தம்பிகிட்ட சொல்லாம என்னால இருக்க முடியாது. சொல்ல வேண்டிய எடத்துல சொல்லுங்க."

மேட்டில் நான்கு குழி. கிரீஸின் நிலத்தைச் சுற்றி, கிழக்கே இரண்டு, வடக்கே ஒன்று, ரோட்டோரம் ஒன்று. கிரீஸ் தன் நிலத்தில் முதல் குழி போடுவதற்கு முன்பே டிரில்லர் கையால் போட்டு, நான்கும் புழுதியாகப் போனவை. கிரீஸ் வந்து, போடலாமா மாமா என்று கேட்டபோது டிரில்லர் வழக்கம்போல நோட்டைத்தான் விரித்தார். மேட்டுக்குக் கீழே பள்ளத்தில் தண்ணீர் வந்த கிணறுகளைக் காட்டினார். மேட்டைப் பற்றி நோட்டில் ஒன்றும் இல்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மாதம் ரிக் பத்து நாளாகச் சும்மா நின்றது, முதலாளி வேறு டிரில்லரைப் பார்க்கிறேன் என்று மிரட்டிக்கொண்டிருந்தார் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அடுத்த குழியில் வந்துவிடும் என்று அவர் மெய்யாகவே நம்பினார். நம்பாதவர் எவரும் நெம்புகோலைத் தொட முடியாது. முதல் குழி காய்ந்த பிறகாவது சொல்லியிருக்கலாம். அப்போது சொன்னால் ஏன் முன்பே சொல்லவில்லை என்று வரும். இரண்டாவது காய்ந்த பிறகு அந்தக் கேள்வி இரண்டு மடங்காகிவிட்டது.

வியாழக்கிழமை காலையிலேயே கிரீஸைப் பட்டறைக்கு விரட்டினார். பிட்டு முனை வைத்தாயிற்றா என்று பக்கத்தில் இருந்து பார்த்து, கையோடு வாங்கிக்கொண்டு வந்தால் போதும், அவசரமில்லை என்றார். அவசரமில்லை என்று டிரில்லர் சொல்லி யாரும் கேட்டதில்லை. கிரீஸ் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

பதினொரு மணிக்குப் பேராசிரியை வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நிமிர்ந்தவர் டிரில்லரைக் கண்டதும் அப்படியே நின்றார். பிறகு, "உங்களுக்கு அட்டை கெடச்சுதுங்களா?" என்று கேட்டார். மகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது அவள் முகம் போன போக்கை டிரில்லர் பார்க்க விரும்பவில்லை. பேராசிரியை அதைப் பெரிதாக எடுத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. நான் உங்களைச் சோதிக்க வந்தேன், நீங்கள் என்னைச் சோதிக்க வந்தீர்கள், சரியாகப் போயிற்று என்று சொல்லிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து முதல் நோட்டை எடுத்து, கறையை, மையை, ஓரம் மடிந்த தாளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். வீட்டில் உட்கார்ந்து எழுதினதில்லை என்பது பத்தாவது பக்கத்திலேயே தெரிந்திருக்கும். முழு நோட்டையும் பார்த்தார்.

"நோட்டு பொய் இல்ல" என்றார் டிரில்லர். "நோட்டுல பாதிதான் இருக்கு. என் பொண்ணுக்கு அது தெரியாது. நான் சொல்லல."

வற்றினதெல்லாம் நினைவிருக்கிறதா என்று பேராசிரியை கேட்டார். எழுதினது மறந்துபோகும், நோட்டு இருக்கிற தைரியத்தில். எழுதாதது எங்கே மறக்கிறது. டிரில்லர் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். தேங்கிக் கிடந்தது உடைத்துக்கொண்ட மாதிரி வந்தது. செங்கல் சூளைக்குப் பின்னால், முப்பத்தைந்து ராடு, கடைசி வரைக்கும் சாம்பல். பள்ளிக்கூடத்து மைதானம், இருபத்தெட்டாவது ராடில் பிட்டு மாட்டிக்கொண்டது. ஒரு விதவையம்மாள் வீட்டுப் புழக்கடை; அந்தம்மாள் அழாமல் எல்லோருக்கும் மோர் கொடுத்தது, யாரும் குடிக்காமல் வந்தது. மகள் வரைபடத்தைத் தரையில் விரித்துச் சிவப்புப் பென்சிலால் வைத்துக்கொண்டே வந்தாள். முதலில் அவள் கை வெடுக்கு வெடுக்கென்று போனது. போகப்போக நிதானப்பட்டது. நீலத்துக்கு நடுவே சிவப்பு ஒரு கோடு மாதிரி சேர்ந்துகொண்டு வருவதை அவள்தான் முதலில் கண்டாள், பேராசிரியையிடம் காட்டினாள். இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு குனிந்து, டிரில்லருக்குப் புரியாத பேச்சாகப் பேசினார்கள். சிவப்பு எண்பது தாண்டியிருந்தது. வீட்டுக்காரி டீ கொண்டுவந்து வைத்தாள். டிரில்லர் குடித்தார்.

"இடம் உனக்குத்தான். அதுல எனக்குச் சந்தேகம் இல்ல" என்றார் பேராசிரியை மகளிடம். "ஆனா ஒண்ணு. ஒவ்வொரு குழிக்கும் வருஷம் வேணும். தண்ணி எப்ப எறங்குச்சுன்னுதான் உன் ஆய்வே. வருஷம் தெரியாத குழி நமக்கு ஆகாது."

டிரில்லர் வருடமும் சொன்னார். மழை பொய்த்த வருடம், பழைய லாரி எரிந்த வருடம், பாப்பா ஐந்தாம் வகுப்பு என்று அடையாளம் வைத்துச் சொல்ல, மகள் அதை எண்ணாக்கிக்கொண்டாள்.

வாசலில் பிட்டைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. நேற்றே வேலை முடிந்து தயாராக வைத்திருந்தார்களாம். கிரீஸ் உள்ளே வந்து சுவரோரம் குந்தினார். போலீஸ் மாதிரி யாரும் இல்லை, பாப்பா சிரித்த முகமாக இருக்கிறாள் என்று பார்த்ததும் அக்காவிடம் டீ கேட்டார்.

"இங்க மட்டும் என்ன, வெறுமையா இருக்கு?" பேராசிரியையின் விரல் வரைபடத்தில் ஒரு இடத்தைச் சுற்றியது. "நீலமும் இல்ல, சிவப்பும் இல்ல. இந்த மேட்டுல நீங்க போட்டதே இல்லையா?"

டிரில்லர் டீக் கோப்பையைப் பார்த்தார். அது காலியாக இருந்தது.

"ஏன் இல்ல?" என்றார் கிரீஸ். "எனக்கே மூணு போட்டாரே. வையி பாப்பா, மூணு. வாசப்படிக்கு நேரா ஒண்ணு, வேலி ஓரம் ரெண்டு. ஒம்பது வருஷம் ஆச்சு." சொல்லும்போதே சிரித்தார். "அது எங்க ராசி மேடம். கணக்குல சேத்தா உங்க ஆய்வு கெட்டுப்போகும்."

மகள் மூன்று சிவப்பு வைத்தாள். பேராசிரியை விடவில்லை. ஒரே ஆள் நிலத்தில் மூன்று மட்டும் எப்படி, சுற்றுப்பக்கம் ஒருத்தருமே முயற்சி செய்யவில்லையா என்று டிரில்லரைப் பார்த்துக் கேட்டார். கேட்டது சந்தேகத்தால் அல்ல, வேலையால். வேறு யாரோ போட்டிருக்கலாம், எனக்குத் தெரியாது என்று சொன்னால் முடிந்தது. மகளின் பென்சில் வரைபடத்தின் மேல் காத்துக்கொண்டு நின்றது.

"நாலு இருக்கு" என்றார் டிரில்லர். "கெழக்க ரெண்டு. வடக்க ஒண்ணு. ரோட்டோரம் ஒண்ணு. நாலும் வத்துனது."

வீட்டுக்காரி தம்பிக்கு நீட்டிய டீயை நீட்டியபடியே வைத்திருந்தாள். அவர் வாங்கவில்லை.

"நான் கேள்விப்படலையே மாமா" என்றார் கிரீஸ். யாரோ ஒருவரைப் பற்றிப் பேசுகிற குரலில்தான் பேசினார். "எனக்கு அப்புறம் போட்டதா?"

அறையில் இருந்த நான்கு பேரும் டிரில்லரைப் பார்த்தார்கள். பேராசிரியைக்கு என்ன நடக்கிறது என்று பாதிதான் புரிந்திருக்க வேண்டும்; எழுந்து போகலாமா வேண்டாமா என்று நோட்டுகளை அடுக்கினார்.

"முன்னாடி" என்றார் டிரில்லர்.

கிரீஸ் வரைபடத்தை நோக்கி நகர்ந்து உட்கார்ந்து, மகள் வைத்த நான்கு புள்ளிகளையும் நடுவில் கிடந்த மூன்றையும் குனிந்து பார்த்தார். ஒவ்வொன்றாக விரலை வைத்து வைத்து எடுத்தார். விரல் பட்ட இடமெல்லாம் கறுத்தது. மகள் தடுக்கவில்லை.

"எந்த வருஷம்னு கேளு பாப்பா" என்றார்.

அவள் கேட்டாள். டிரில்லர் சொன்னார்.

"ரெண்டு தடவ கேட்டு எழுது" என்றார் கிரீஸ்.

மகள் பென்சிலைத் தாளில் வைக்காமலே அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்த வருஷம்ப்பா?" என்று மறுபடியும் கேட்டாள்.